எந்த மேலே?

ஜூன் 12, புதன். இன்று என் தவறு ஒன்று வெளியே வந்தது. திங்கட்கிழமைக் கூட்டக் குறிப்பில் 'ஓடைக்கு மேலே உள்ள காடு ஓராண்டுக்கு மூடப்படும்' என்று எழுதியிருக்கிறேன். எந்த மேலே என்று எழுதவில்லை. சிறிய தவறு. (சிறியதுதானா என்று உறுதியாகத் தெரியவில்லை.)

எழுதி முடித்து லெய்பாகோ மூன்று முறை படித்துப் பார்த்தாள். கடைசி வரியை அடித்துவிடலாம் போலிருந்தது. ஆனால் மாலை வகுப்பில் முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: நாட்குறிப்பில் எதையும் அடிக்கக் கூடாது, வேண்டுமானால் கீழே இன்னொரு வரி எழுதலாம். அவள் கீழே இன்னொரு வரி எழுதினாள். 'பெரியதுதான்.'

லெய்பாகோவுக்கு இருபத்திரண்டு வயது. ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பை இப்போது மாலை வகுப்பில் ஒட்டவைத்துக்கொண்டிருந்தாள். ஊரின் காட்டுக் குழுவுக்கு மூன்று மாதமாக அவள்தான் குறிப்பெழுதுபவள். அவளைவிட நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் ஊரில் நாலு பேராவது இருந்தார்கள். ஆனால் கூட்டம் முடிகிறவரை எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். எது முக்கியம், எதை விடலாம் என்று அவளுக்குத் தீர்மானிக்க வராது. அதனால் எல்லாவற்றையும் எழுதினாள். யார் வந்தார்கள், யார் தாமதமாக வந்தார்கள், யாருடைய நாய் உள்ளே புகுந்தது, அதை யார் விரட்டினார்கள் என்று ஒன்று விடாமல் நோட்டில் ஏறிவிடும்.

"ஏ லெய்பாகோ, நான் இப்ப தும்முனேன், போட்டுக்கிட்டியா?" என்று கேலி செய்வார்கள்.

"எத்தனை தும்மல் மாமா?" என்று அவள் நிஜமாகவே கேட்பாள். அதற்கும் சிரிப்பார்கள்.

விஷயம் இதுதான். அந்த ஊரில் 'மேலே' என்றால் இரண்டு உண்டு. மலை ஏறினாலும் மேலே, காற்று வரும் பக்கமாகக் கரையோரம் நடந்தாலும் மேலே. வாயால் சொல்லும்போது குழப்பமே வராது. மலையென்றால் புருவம் ஏறும். காற்றுப் பக்கமென்றால் தாடை அந்தத் திசைக்கு ஒரு வெட்டு வெட்டும். பிறந்த குழந்தைகூடத் தாடையைப் பார்த்துப் புரிந்துகொள்ளும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் தலைவர் மரிலாபா "ஓடைக்கு மேல இருக்கிற காட்டை ஒரு வருசம் தூங்க விடுவோம்" என்றபோது அவர் தாடை காற்றுப் பக்கம்தான் வெட்டியது. போன வருடம் அங்கே பெரிய மரங்களை நிறைய வெட்டியதில் சரிவு மண் கரைந்து ஓடைத் தண்ணீர் கலங்கலாக வந்தது. அந்தத் தண்ணீரைத்தான் ஊரே குடித்தது. எல்லோரும் சரி என்றார்கள். லெய்பாகோ வார்த்தையை எழுதினாள். தாடையை எழுதவில்லை. பிறகு படித்துக் காட்டும்போதும் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் படித்தாள்.

அன்றைய கூட்டத்துக்குக் கல்சாவ் வரவில்லை, மீன் பிடிக்கப் போயிருந்தான். செவ்வாய்க்கிழமை காலையில் தலைவர் இரண்டு நமேலே இலைகளை அவன் கையில் கொடுத்து, "குறிப்புல இருக்கிற இடத்துல நட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டு நகரத்துக்கு வண்டியேறினார். கல்சாவ் நோட்டைப் படித்தான். மலையேறினான்.

நமேலே இலை இரண்டைக் குறுக்காக நட்டுவிட்டால் அதற்கு அப்பால் ஒரு குச்சி ஒடிக்கக் கூடாது. வேலியும் வேண்டாம், காவலும் வேண்டாம். பல வருடத்துக்கு முன்னால் ஒருவன் இலையைத் தாண்டிப் போய் ஒரே ஒரு தேங்காய் எடுத்தான். அபராதமாக அவன் வீட்டுப் பன்றிகள் இரண்டு போயின. இன்றைக்கும் அவனை ஊர் 'இலைதாண்டி' என்றுதான் கூப்பிடுகிறது. அவன் பேரப்பிள்ளைகளையும் அப்படித்தான்.

புதன்கிழமை காலை இதெல்லாம் தெரியாமல்தான் லெய்பாகோ உள்படப் பெண்கள் ஒன்பது பேர் கத்தியோடு மலைப் பாதையில் ஏறினார்கள். ஊற்றடிச் சதுப்பில் நதங்குராப் பனை அடர்ந்து நின்றது. அதன் ஓலையை மடித்து மூங்கில் குச்சியில் தைத்தால் பத்துப் பதினைந்து வருடம் ஒழுகாத கூரைக் கீற்று கிடைக்கும். மார்ச் மாதப் புயலில் கூரை பறந்த எதிர்த் தீவு விடுதிக்காரர் முந்நூறு கீற்று கேட்டிருந்தார். இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை படகு வரும். இதுவரை இந்த மாதிரி வேலையெல்லாம் விரிகுடாவுக்கு அந்தப் பக்கத்து ஊருக்கே போய்க்கொண்டிருந்தது. முதல் முறையாக இவர்களுக்கு வந்திருக்கிறது. கொடுத்த நாளில் கொடுத்தால் அடுத்த வருடமும் வரும். கொடுக்காவிட்டால் பழையபடி அந்த ஊருக்கே போய்விடும்.

முன்னால் போன லெய்த்தாரே திடீரென்று நின்றாள். பின்னால் வந்த எட்டுப் பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இது என்னடி?"

"நமேலே, அத்தை" என்றாள் லெய்பாகோ.

"நமேலேன்னு எனக்குத் தெரியாதா? கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்கு. இங்க அதுக்கு என்ன வேலைன்னு கேக்குறேன்."

பாதையின் நடுவில் இரண்டு இலைகளும் கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு நிற்கும் ஆள் மாதிரி நின்றன. அவற்றுக்கு அப்பால் இருபது அடியில் நதங்குரா காற்றில் ஆடியது.  லெய்பாகோ பையிலிருந்து நோட்டை எடுத்தாள். திங்கட்கிழமைப் பக்கத்தைத் திறந்தாள். படித்தாள். மூடினாள்.

"என்னால வந்தது அத்தை" என்றாள்.

ஒன்பது கத்திகளும் ஓர் இலைகூட வெட்டாமல் வீடு திரும்பின.

அவள் ஒவ்வொன்றையும் வரிசையாகச் செய்கிறவள். முதலில் கல்சாவைத் தேடிப் போனாள். கடற்கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இலைய மாத்தி நட்டுட்டீங்க."

"நோட்டுல எழுதியிருந்த இடத்துலதான் நட்டேன்."

"நோட்டு தப்பு. நாம ரெண்டு பேரும் போய்ப் பிடுங்கி, காத்துப் பக்கம் நட்டுட்டு வந்துடலாமா?"

கல்சாவ் வலையைக் கீழே போட்டான். "பிடுங்குறதா? என் வயிறு பானை மாதிரி வீங்கணும்னு ஆசையா உனக்கு? போ தாயி. நீ கேட்டதை நான் காதுல வாங்கல. நீயும் கேக்கல. இதையும் நோட்டுல எழுதித் தொலைச்சிடாத."

அடுத்து, காற்றுப் பக்கக் காடு. அங்கே போகும்போதே ரம்பத்தின் சத்தம் கேட்டது. லெய்த்தாரேயின் கணவர் கலோரிப் அங்கே தன் ஆட்களோடு வெள்ளைமரம் அறுத்துக்கொண்டிருந்தார். தூக்கிச் செல்லும் அறுவை எந்திரத்தை அந்தச் சரிவில் ஏற்ற எட்டு ஆள் இரண்டு நாள் பாடுபட்டிருந்தார்கள். திங்கட்கிழமை முடிவுப்படி அதை மறுபடி இறக்க வேண்டியது. செவ்வாய்க்கிழமை இறக்க வந்தவர், இலை இல்லாததைப் பார்த்துவிட்டு எந்திரத்தைத் தட்டிக்கொடுத்து ஓட்டத் தொடங்கிவிட்டார்.

"மாமா, இந்தக் காடுதானே மூடுறதா பேசுனோம்."

"அப்படியா?" கலோரிப் எந்திரத்தை நிறுத்தி, நெற்றியிலிருந்த மரத்தூளைத் துடைத்தார். "இலை எங்கம்மா?"

"அது மலையில இருக்கு."

"அப்ப மலைக்காடுதான் மூடியிருக்கு. எழுதுனது யாரு? நீ. படிச்சுக் காட்டுனது யாரு? நீ. 'ஓடைக்கு மேலே.' மேலேன்னா என்ன? மலை. பச்சப்புள்ளைகிட்ட கேளு."

"நீங்க அன்னைக்குத் தலைவரைப் பாத்துக்கிட்டே இருந்தீங்களே மாமா."

"நான் அப்ப பாக்கு மென்னுட்டு இருந்தேன்" என்றார் கலோரிப், முகத்தில் ஒரு கள்ளமும் இல்லாமல். பாக்கு மெல்லுகிற வழக்கமே அவருக்குக் கிடையாது. அந்த ஊரில் யாருக்கும் கிடையாது. ஆட்கள் சிரித்தார்கள். எந்திரம் மறுபடி கத்தத் தொடங்கியது.

அன்று மாலை லெய்த்தாரே வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று செய்தி வந்தது. மலைப் பாதை மூடியிருக்கிறது, அதனால் விறகு இல்லை என்று கணவரிடம் சொல்லிவிட்டாளாம். கலோரிப் அண்ணன் வீட்டில் போய்ச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை தலைவர் நகரத்திலிருந்து திரும்பினார். லெய்பாகோ பேச வேண்டியதைத் தாளில் எழுதி, மனப்பாடம் செய்து, அவர் முன்னால் போய் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் மறந்தாள். மொட்டையாக, "தலைவரே, நான் தப்பா எழுதிட்டேன்" என்றாள்.

அவர் கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டார். "உன் நோட்டுல தப்பு வந்தா என்ன பண்ணுவ?"

"அழிப்பான் வச்சு அழிப்பேன்."

"இலைக்கு அழிப்பான் கிடையாதும்மா. நட்டது நான் கொடுத்த இலை. நான் நெனச்சாலும் தனியாப் போய் எடுக்க முடியாது. ஊரு என்ன முடிவு பண்ணுச்சோ அதுக்குத்தான் இலை. காத்துப் பக்கம்தான் முடிவு பண்ணோம்னு ஊரு சொன்னா, முறைப்படி எடுத்து நகத்தலாம். மலைன்னு ஊரு சொன்னா மலைதான். நாளைக்கு நாலு மணிக்குக் கூட்டம். நீயே சொல்லு."

"நானேவா?"

"அப்புறம் யாரு? உன் தும்மல் கணக்கா?"

லெய்பாகோ அன்று வகுப்பில் ஒரு வாக்கியமும் எழுதவில்லை. மலைதான் என்று ஊர் சொல்லிவிட்டால், கீற்று வேலை ஒரு வருடம் கிடையாது. மற்ற எட்டுப் பேரும் அவளை எதுவும் சொல்ல மாட்டார்கள். பாதையில் எதிர்ப்படும்போது சிரிப்பார்கள். அதுதான் அவளுக்குத் தாங்காது.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஊர்க்கூடம் நிரம்பியது. பக்கச் சுவர் இல்லாத கூடம். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். வெளியே கற்களைச் சூடாக்கி, துருவிய கிழங்கை இலையில் பொதிந்த லாப்லாப் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அடுக்கிய பச்சை விறகு. புகை கூடத்தின் கீழ்க்கோடியில் சுருண்டு சுருண்டு நுழைந்தது. லெய்பாகோ நடுத்தூணில் சாய்ந்து, தேதியும் நேரமும் எழுதி, காற்றின் திசையையும் எழுதினாள். அவளைக் கேட்டால் அதற்குக் காரணம் சொல்லத் தெரியாது.

பிறகு எழுந்து நின்று சொன்னாள்.  "திங்கக்கிழமை தலைவர் தாடையால காத்துப் பக்கம் காட்டினாரு. நான் அதை எழுதல. படிக்கிறப்பவும் காட்டல. கல்சாவ் அண்ணன் மேல தப்பு இல்ல. தப்பு என்னோடது." உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தான் சொன்னதையும் எழுதினாள்.

கலோரிப் எழுந்தார். பேச்சில் அவர் வல்லவர். "புள்ள நல்ல புள்ள. தப்பெல்லாம் ஒண்ணும் பண்ணல. சரியாத்தான் எழுதியிருக்கு. நானும் இந்த ஊருலதான் அம்பது வருசமா இருக்கேன். மேலன்னா மலை. இத்தனை பேரு கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க, படிக்கிறப்ப யாராவது வாயத் திறந்தீங்களா? இலையும் மலையிலதான் இருக்கு. இலைய நட்டுட்டு நாளைக்கு ஒரு தரம், மறுநாள் ஒரு தரம் மாத்துனா, அப்புறம் எவன் அதுக்குப் பயப்படுவான்?"

கடைசியாகச் சொன்னதில் நியாயம் இருந்தது. பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். 

லெய்த்தாரே உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். "அப்ப ஊத்தடியில மரம் வெட்டி எந்த ஓடை கலங்குச்சு? ஓலைய வெட்டுனா பனை சாகுமா? எதுக்கு அதை மூடணும்?"

"அது எனக்கென்ன தெரியும்? எழுதியிருக்கு."

"மூணு நாளா அண்ணன் வீட்டுச் சோறு உங்களுக்கு நல்லா ஒத்துக்கிட்டிருக்கு."

"ஊர்க்கூட்டத்துல வீட்டுப் பேச்சு பேசாத."

வாக்குவாதம் ஒருமணி நேரம் போனது. புகையும் கூடிக்கொண்டே போனது. ஒருவர் பத்து வருடத்துக்கு முந்தைய எல்லைத் தகராறை எடுத்தார், இன்னொருவர் அவரை உட்கார வைத்தார். லெய்பாகோ எழுதிக்கொண்டே இருந்தாள். விரல் மரத்துப்போனது.

"சரி" என்றார் தலைவர். "முடிவு சொல்றதுக்கு முன்னால இதுவரைக்கும் பேசுனதைப் படி. இந்தத் தடவை தலைய நிமித்திப் படி."

அவள் படித்தாள். தான் சொன்னது, கலோரிப் சொன்னது, லெய்த்தாரே சொன்னது, எல்லைத் தகராறு. ஒரே குரலில், வேகமும் இல்லாமல் நிதானமும் இல்லாமல். சிலர் கொட்டாவி விட்டார்கள்.

"'நாலு ஐம்பதுக்கு இலைதாண்டி வீட்டு நாய் வந்தது. கல்சாவ் அண்ணன் விரட்டினார். நாலு ஐம்பத்திரண்டுக்குக் கலோரிப் மாமா இருமினார். லெய்த்தாரே அத்தைக்கும் கண் எரிந்தது. மாமா அத்தையிடம், புகை மூஞ்சில அடிக்குது, கொஞ்சம் மேல தள்ளி உக்காரு என்றார். அத்தை மேலே தள்ளி—'"

அவள் குரல் நின்றது. எழுதும்போது அவளுக்கு அது தெரியவே இல்லை. கை தன்பாட்டுக்கு எழுதியிருந்தது.

 எல்லாத் தலைகளும் மெல்ல லெய்த்தாரே பக்கம் திரும்பின. அவள் கூடத்தின் காற்று வரும் மூலையில், புகை அண்டாத இடத்தில், காலை நீட்டிச் சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள். மலை அவளுக்கு முதுகுப் பக்கம் இருந்தது.

"லெய்த்தாரே" என்றார் தலைவர். "உன் வீட்டுக்காரர் சொன்னப்ப, எந்தப் பக்கம் தாடையக் காட்டினாரு?"

"எங்க காட்டினாரு? காட்டவே இல்ல. கண்ணத் தேச்சுக்கிட்டு இருந்தாரு." லெய்த்தாரேவுக்கு அப்போதுதான் முழுதும் உறைத்தது. முகம் விரிந்தது. "அட ஆமா! நான்தான் புத்தி கெட்டு இங்க வந்து உக்காந்துட்டேன். மேலன்னா மலைன்னு தெரிஞ்சிருந்தா, எந்திரிச்சு மலையிலல்ல போய் உக்காந்திருக்கணும்!"

முதலில் சிரித்தது கல்சாவ். பிறகு கூடமே சிரித்தது. வெளியே லாப்லாப் அடுப்பருகே நின்றவர்கள் என்ன என்ன என்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். யாரோ, "அண்ணே, நான் கொஞ்சம் மேல போய்ட்டு வரேன், ஏணி இருக்கா?" என்றார். கலோரிப் கொஞ்ச நேரம் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு பார்த்தார். முடியவில்லை. உதடு ஒரு பக்கம் கோணி, பிறகு அவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"இதையும் எழுதுவியா நீ?" என்றார் லெய்பாகோவிடம்.

"எழுதிட்டேன் மாமா."

சிரிப்பு அடங்கியதும் தலைவர் முடிவைச் சொன்னார். கலோரிப் கேட்டது நியாயம்தான். நட்ட இலையைச் சும்மா பிடுங்கி இன்னோர் இடத்தில் செருகினால் அதற்கு மதிப்பு போய்விடும். ஆகவே முறைப்படி, ஒரு பன்றியும் ஒரு பாயும் வைத்து எடுக்க வேண்டும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்ததற்காகப் பன்றி கலோரிப்புடையது. எழுத்தில் பாதியை விட்டதற்காகப் பாய் லெய்பாகோவுடையது. இலை காற்றுப் பக்கம் போகும். மூன்று நாளில் சாய்த்த நான்கு மரங்களைக் கலோரிப் எடுத்துக்கொள்ளலாம், அப்போது அங்கே இலை இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பத்துக் கன்று அதே சரிவில் நட வேண்டும். எந்திரம் இறங்கியாக வேண்டும்.

"எட்டு ஆளு வேணுமே" என்றார் கலோரிப்.

"ஒன்பது பொம்பளைங்க இருக்கோம்" என்றாள் லெய்த்தாரே. "ஓலை வெட்டி முடிச்சதும் வரோம். இன்னைக்கு வீட்டுல அடுப்பு எரியும், வாங்க."

லெய்பாகோவிடம் ஒரே ஒரு பாய்தான் இருந்தது. இரண்டு மாதமாகப் பின்னியது, ஓரத்தில் சிவப்பு வரி ஓடும். தனக்கென்று வைத்திருந்தது. வீட்டுக்குப் போய் அதை விரித்து ஒரு முறை பார்த்தாள். ஓரிடத்தில் பின்னல் தளர்ந்திருப்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. அதைச் சரிசெய்துவிட்டுச் சுருட்டி வைத்தாள். பிறகு விரல்விட்டு எண்ணினாள். நூற்றுப் பத்துக் கீற்று தைத்தாகிவிட்டது. இன்னும் நூற்றுத் தொண்ணூறு. படகுக்குப் பதினைந்து நாள். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் பதின்மூன்று. ஒரு நாளைக்குப் பதினைந்து தைத்தால் போதும். இருபது தைக்கக் கூடியவர்கள்தான், மழை பெய்யாவிட்டால். மழை பெய்தால்? அதைப் பற்றி எழுதலாமா என்று யோசித்து, விட்டுவிட்டாள். திங்கட்கிழமைக் குறிப்பின் கீழே புது வரி ஒன்று சேர்த்தாள்: 'மேலே என்பது காற்றுப் பக்கம், பெரிய நங்காய் மரத்திலிருந்து கடல்பாறை வரை.' நாட்குறிப்பையும் திறந்தாள்.

ஜூன் 14, வெள்ளி. கூட்டம் நான்கு மணிக்குத் தொடங்கி ஆறு ஐந்துக்கு முடிந்தது. ஊற்றடி திறக்கிறது. நாளை காலை ஆறு மணிக்குப் பாயைத் தலைவர் வீட்டில் கொடுக்க வேண்டும். இலையை எடுத்ததும் அத்தையோடு மலையேறி (மலைப் பக்கம்) நதங்குரா வெட்ட வேண்டும். இரண்டு கத்தி, தீட்டும் கல், கட்டுவதற்குக் கொடி.